கொளஞ்சிநாதனைத் திருப்பிப் படுக்க வைத்தவர்கள்

பெயர்: தனகோடி. வயது: 34. கணவர்: கொளஞ்சிநாதன் (காலமாகிவிட்டார்), கனரக வாகன ஓட்டுநர். விலாசம்: 21-ஆம் பிளாக் குவார்ட்டர்ஸ், நெய்வேலி. 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதம், என் கணவரின் அண்ணன் சடையப்பன் கொடுத்துள்ள மனுவின் பேரில், காவல் ஆய்வாளர் அவர்கள் பெண் காவலர் ஒருவருடன் என் வீட்டுக்கு வந்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

நான் மேற்படி வீட்டில் என் மகள் புஷ்பவல்லியுடன் இருந்து வருகிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவரின் குடும்பம் சுரங்கத்துக்கு நிலம் விட்ட குடும்பம். அந்த வகையில் அவருக்கு வேலை கிடைத்து, முதலில் எடுபிடி வேலையில் இருந்து, பிறகு லைசென்ஸ் எடுத்து, லாரி ஓட்டுநராக பெர்மனென்ட் ஆனார். அவருடைய அண்ணன் சடையப்பன் விருத்தாசலம் பக்கத்தில் வேறு நிலம் வாங்கி விவசாயம் செய்து வருகிறார். தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துவிட்டதால் என் கணவரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். எங்கள் கல்யாணத்தையும் அவர்தான் முன்னின்று நடத்தினார்.

சென்ற ஆண்டு பலாப்பழக் காலத்தில் ஒரு நாள் காலை, என் கணவர் பண்ருட்டியில் பழுது பார்க்கக் கொடுத்திருந்த இரும்புச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நெய்வேலிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். காடாம்புலியூர் தாண்டி முந்திரித் தோப்பை ஒட்டிய வளைவில், எதிரே பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு வந்த தனியார் லாரி, முன்னால் போன கட்டை வண்டியை முந்துவதற்காக இவர் பக்கம் ஏறி வந்தது. இவர் இடது பக்கம் ஒடித்தும் அந்த லாரி இவர் உட்கார்ந்திருந்த பக்கமாகவே மோதிவிட்டது. இவர் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் கணவர் நினைவு திரும்பிய பிறகு என்னிடம் சொன்னது இது. அப்போது காவல் துறையினரிடமும் இதையே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பலாப்பழ லாரியை ஓட்டி வந்தவர் காடாம்புலியூரைச் சேர்ந்த மருதமுத்து. வயது முப்பதுக்குள் இருக்கும். வழக்குப்படி அவரை எதிரி என்றுதான் எழுத வேண்டும் என்று ஆய்வாளர் அவர்கள் சொன்னார். நான் பெயரையே எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டதால் இதில் பெயர் எழுதப்படுகிறது.

மோதியவுடன் மருதமுத்து ஓடவில்லை. என் கணவரின் லாரியிலிருந்து டீசல் ஒழுகியதைப் பார்த்து, தீப்பிடித்துவிடும் என்று பயந்து, கதவைக் கடப்பாரையால் நெம்பி, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து என் கணவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அவ்வழியே வந்த வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவரே. அதன் பிறகு போலீசார் அவரைக் கைது செய்து, ஜாமீனில் விட்டு, லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

என் கணவருக்கு நடு முதுகு எலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. மேல் சிகிச்சைக்கு வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கால் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால் வராது என்பதை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். நான் வெளியே வந்ததும் என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சொல்லாத, தெரிஞ்சிகினேன்” என்றார்.

அதன் பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பும்போது நர்சு கமலா என்பவர் எனக்குச் சில விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகும் இடுப்பும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், குதிகால் கட்டிலில் படக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், மூத்திரக் குழாயை வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து மாற்றிக்கொள்ள வேண்டும், கால்களைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும் என்றார். “வலிக்குதுன்னு அவரு சொல்ல மாட்டாருங்க. அவருக்குத் தெரியாது. நீங்கதான் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கணும்” என்று அந்த அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என் கணவர் நல்ல உயரம், கனத்த உடம்பு. என்னால் தனியாகப் புரட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவினார்கள். ஆனால் அவர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள். எப்போதும் கூப்பிட முடியாது. அந்தச் சமயத்தில் மருதமுத்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். அவருக்கு லாரி ஓட்டும் வேலை போய்விட்டிருந்தது. பண்ருட்டி மண்டியில் காலையில் மூட்டை இறக்கிவிட்டு, பஸ் பிடித்து மத்தியானம் வருவார். முதல் நாள் நான் அவரைக் கண்டபடி ஏசி அனுப்பினேன். மறுநாளும் வந்தார். என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்படிப் பல நாள் வாசலோடு வந்து போனார். நானும் உள்ளே வரச் சொல்லவில்லை.

ஒரு நாள் நான் புரட்டும்போது என் கணவர் கட்டிலிலிருந்து சரிந்து விழப் போனார். பாதி உடம்பு கீழே தொங்கிவிட்டது. நான் சத்தம் போட, வாசலில் நின்ற மருதமுத்து ஓடி வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர், “வளைவுல ஏன்டா ஏறுன?” என்று கேட்டார்.

“தெரியலண்ணே. பூந்து போய்டலாம்னு நெனச்சிட்டேன்.”

“நீ நெனச்ச. நான் படுத்துகினு கெடக்கறேன்.”

மருதமுத்து அழுதார் என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. அவர் போகும்போது என் கணவர், “வர்றதா இருந்தா நாளைக்கு வெள்ளனவே வா. இவ ஒருத்தியா அல்லாடிகினு கெடக்கறா” என்றார். அதன் பிறகு அந்த வளைவைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை.

அன்று முதல் மருதமுத்து தினமும் வந்தார். இடுப்புக்கு அடியில் வைக்கப் பழைய வண்டி டியூபில் பாதிக் காற்று அடித்துத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். கமலா நர்சு வந்து பார்த்துவிட்டு, வைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று சொன்னார். நான் தலைப்பக்கமும் அவர் இடுப்புப்பக்கமும் பிடித்துப் புரட்டுவோம். மலம், மூத்திரம் எடுப்பதற்கும் அவர் முகம் சுளித்ததில்லை. குழாய் மாற்றும் நாளில் ஆம்புலன்சில் கூடவே போய்வருவார். ஒரு முறை ஆஸ்பத்திரியில் வைத்துக் கமலா நர்சிடம் அவர், “நான் இழுத்துப் போட்டதுலதான் முதுகு இப்படி ஆச்சாங்க?” என்று கேட்டார். அந்த அம்மா கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, “இழுக்காம வுட்டிருந்தா இன்னிக்கு யாருக்குக் குழாய் மாத்தறது?” என்றார்.

ஐப்பசி மாதத்துக்குள் என் கணவர் பிடிமானத்தோடு உட்கார ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். சாயங்காலம் மருதமுத்து அவரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். ஷிப்டு பஸ்சில் போகிறவர்கள் கையை ஆட்டுவார்கள். இவரும் ஆட்டுவார். உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது கொடுப்பதைப் பற்றி மேலே எழுதியிருப்பதாக அவருடைய மேலதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் கணவர் தன் காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். முதுகில் ஒரு சின்னச் சிவப்பு கூட இல்லை. இது உண்மை. இதை டாக்டரிடமும் நர்சிடமும் ஆய்வாளர் அவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு தை மாதத்தில் என் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். இந்தச் செய்தி தெரிந்து என் கணவரின் அண்ணன் சடையப்பன் வேன் வைத்துக்கொண்டு வந்து, அம்மை கண்ட வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவனை வைத்திருக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றும் வரை நான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்றார். என் கணவருக்கும் தொற்றிக்கொள்ளுமே என்று எனக்கும் பயமாக இருந்ததால் சம்மதித்தேன். புரட்டிப் படுக்க வைப்பதைப் பற்றியும் குழாயைப் பற்றியும் நான் வாசலில் நின்று சடையப்பனிடம் சொன்னேன். அவர், “என் தம்பிய எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்கே சொல்லித் தரியா?” என்றார்.

மூன்றாம் நாள் மருதமுத்து அந்த ஊருக்குப் போய், தான் இருந்து பார்த்துக்கொள்வதாகக் கேட்டிருக்கிறார். சடையப்பன் அவரை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, “என் தம்பிய மொடக்கிப் போட்டது போதாதா, இன்னும் என்னடா வேணும் உனக்கு” என்று அடித்துத் துரத்திவிட்டார். மருதமுத்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, வேப்பிலைக்கு வெளியே நின்று இதைச் சொன்னார். அவர் உதடு கிழிந்திருந்தது. “அண்ணன நான் பாக்கவே முடியிலக்கா. கட்டு வைத்தியரக் கூட்டியாந்து கட்டிக்கினு இருக்காங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. நீங்க போங்கக்கா” என்றார். என் மகளுக்கு அப்போது காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குள்ளேயும் முத்து போட்டிருந்தது. அவளை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினேன். நன்றாக இருக்கிறார் என்று பதில் வந்தது.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் போனேன். என் கணவரை உள் அறையில் பாய் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்பிலிருந்து தொடை வரை மூங்கில் பத்தை வைத்து, எண்ணெயில் நனைத்த துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டு அசையக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால் அவரைப் புரட்டவே இல்லை. குழாயும் மாற்றவில்லை. சடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுக்கால் சாற்றைத் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இன்னும் ஒரு மண்டலம் போனா தம்பி நடந்துடுவான், வைத்தியரு சத்தியம் பண்ணியிருக்காரு” என்று சந்தோஷமாகச் சொன்னார். என் கணவரும் சிரித்தார். “எனக்கு ஒண்ணும் வலிக்கல தனம். நல்லாதான் இருக்கேன்” என்றார். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

நான் கட்டை அவிழ்க்கச் சொன்னேன். சடையப்பன் மறுத்தார். நான் அரிவாள்மனையை எடுத்து வந்து துணியை அறுத்தேன். என் கணவரைப் புரட்டுவதற்குச் சடையப்பன்தான் கை கொடுத்தார். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் குழிந்து புண் ஆகியிருந்தது. இரண்டு குதிகாலும் அப்படியே. அறையில் வாடை தாங்க முடியவில்லை. அதுவரை எண்ணெய் வாடை என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சடையப்பன் அதைப் பார்த்தவுடன் தம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. என் கணவர், “என்ன தனம், என்ன ஆச்சு, சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது என்று சொன்னேன்.

அதன் பிறகு சடையப்பன் தானே ஓடிப் போய் வேன் பிடித்து வந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். டாக்டர்கள் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்து தினமும் மருந்து வைத்துக் கட்டினார்கள். சிறுநீரகத்திலும் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அவர்கள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தார்கள். மருதமுத்து வந்து வார்டிலேயே இருந்தார். சடையப்பன் வருகிற நேரம் மட்டும் அவர் வெளியே போய் நிற்பார். மாசி மாதம் ஒரு மத்தியானம் என் கணவர், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரச் சொன்னார். வந்தாள். அவள் முகத்தில் இருந்த அம்மைத் தழும்பைத் தடவிப் பார்த்து, “போய்டும், போய்டும்” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டுவதற்கு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அண்ணன் என்ற முறையில் சடையப்பன் வந்து நின்றார். முன்பக்கம் தண்ணீர் ஊற்றினார். முதுகுப்பக்கம் திருப்ப வேண்டி வந்தபோது அவருக்குக் கை வரவில்லை. சொம்பைப் பிடித்தபடியே நின்றார். மற்றவர்களும் தயங்கினார்கள். மருதமுத்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் வந்து, இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, “அண்ணே, திருப்பறண்ணே” என்று சொல்லிவிட்டுத் திருப்பினார். உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். சத்தமாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அனைவருக்கும் கேட்டது. சடையப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது சடையப்பன் கொடுத்துள்ள மனுவை ஆய்வாளர் அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார். மருதமுத்து தன் மேல் உள்ள வழக்கைக் கெடுப்பதற்காக வீட்டுக்குள் நுழைந்து, சரியாகக் கவனிக்கவிடாமல் செய்து, என் கணவரைச் சாகடித்துவிட்டதாகவும், எனக்கும் அவருக்கும் தவறான பழக்கம் இருந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. அதற்கு நான் சொல்வது என்னவென்றால், மருதமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தது பகலில். கதவு திறந்தே இருக்கும். கட்டிலில் என் கணவர் இருப்பார். மலமும் மூத்திரத் துணியும் அள்ளிக்கொண்டிருந்த வீடு அது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அந்த லாரி மோதிய வழக்கில், வளைவில் எங்கள் பக்கம் ஏறி வந்தது மருதமுத்து ஓட்டிய லாரிதான் என்று என் கணவர் சொன்னதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். மாற்றிச் சொல்லும்படி மருதமுத்து என்னை எப்போதும் கேட்டதில்லை. என் கணவர் இறந்துபோனதால் வழக்கின் பிரிவு மாறி, தண்டனை கூடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கருமாதி முடிந்து மருதமுத்து வந்தபோது நான் இதை அவரிடம் சொன்னேன். “தெரியும்க்கா. ஒத்துக்கப் போறேன்” என்றார். இனிமேல் வீட்டுக்கு வர வேண்டாம், வயதுக்கு வரப்போகிற பெண் இருக்கிறாள், ஊர் பேசுகிறது என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்று போனவர் அதன் பிறகு வரவில்லை.

பொய் மனு கொடுத்ததற்காகச் சடையப்பன் மேல் நடவடிக்கை வேண்டுமா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார். வேண்டாம் என்று சொல்கிறேன். அவர் கொண்டுபோனது தம்பியை நடக்க வைக்க வேண்டும் என்றுதான். மாட்டை விற்று வைத்தியருக்குக் கொடுத்திருக்கிறார். தம்பி முதுகைப் பார்த்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். வேறு யாராவது செய்தார்கள் என்று இருந்தால்தான் அவரால் இருக்க முடியும் போலிருக்கிறது. நாளைக்கு என் மகளுக்கு நல்லது கெட்டது என்றால் தகப்பன் முறையில் வந்து நிற்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் அதற்காக மருதமுத்து செய்யாத ஒன்றைச் செய்ததாக நான் சொல்ல முடியாது.

நான் சொன்னதை ஆய்வாளர் அவர்கள் எழுதி, முழுவதும் நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்தோ, யாருக்கும் பயந்தோ இதைச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் என் கணவரின் தொழில் ‘இல்லை, படுக்கை நோயாளி’ என்று எழுதப்பட்டிருந்தது. அவரை வேலையிலிருந்து யாரும் நீக்கவில்லை, சட்டை இஸ்திரி போட்டபடி இருக்கிறது என்று சொல்லி, அதை அடித்துவிட்டு ‘கனரக வாகன ஓட்டுநர்’ என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தி எழுதப்பட்டது. திருத்திய இடத்திலும் இங்கேயும் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) கொ. தனகோடி